சரிவில் நின்றுபோன புல்வெட்டி

மே மாதம் பிறந்துவிட்டால் இண்டியானாவில் புல்லுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். திங்கட்கிழமை வெட்டினால் வியாழக்கிழமை கணுக்காலை மறைக்கும். நடுவில் மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். புல்லுக்குப் பிடித்த பைத்தியம் மனிதர்களையும் தொற்றிக்கொள்ளும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஊரே புல்வெட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்து, தன் புல்லைத் தானே சுற்றிச் சுற்றி வரும். அன்றைக்கு வண்டியில் ஏறாதவர் ஒன்று படுத்த படுக்கையாக இருக்க வேண்டும், அல்லது வீட்டை விற்கப் போகிறவராக இருக்க வேண்டும்.

கிளெண்டா ஸ்டக்கி இரண்டிலும் சேர்த்தியில்லை. ஆனால் மகள் மிண்டி அவளை இரண்டாவது வகையில் சேர்க்கப் பார்த்தாள்.

கிளெண்டாவுக்கு அறுபத்தேழு வயது. இருபத்தொன்பது வருஷம் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கணவர் லாயிட் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. அவர் விட்டுப்போனது ஒரு வெள்ளை வீடு, அதைச் சுற்றி இரண்டு ஏக்கர் புல், முன்பக்கம் சாலையோரப் பள்ளத்தை நோக்கி இறங்கும் ஒரு சரிவு. அவருடைய பழைய புல்வெட்டி வண்டி போன அக்டோபரில் எஞ்சின் வெடித்து எண்ணெயைக் கக்கிவிட்டு அவர் வழியே போய்ச் சேர்ந்தது.

மிண்டி இரண்டு மணி நேரத் தொலைவில், இண்டியானாபொலிஸில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். அதுதான் வினையே. மற்றவர்கள் புல்வெட்டியைப் பார்த்தால் புல்வெட்டியைப் பார்ப்பார்கள். இவள் அதன் அடியில் கிடந்து வந்தவர்களைப் பார்ப்பாள்.

"போன கோடையில மட்டும் மூணு பேரும்மா. மூணுமே சரிவுல. வண்டிலேருந்து விழுந்திருக்காங்க, கத்தி நிக்கல. நீ அந்தப் பள்ளத்துல விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்? சாயங்காலம் வரைக்கும் யாரு வருவா?"

"தபால்காரர் வருவாரு."

"வெளையாடாதம்மா. எங்க வீட்டுப் பக்கத்துல ரெண்டு ரூம் ஃப்ளாட்டு காலியா இருக்கு. புல்லும் கிடையாது, பனியும் அள்ள வேண்டாம்."

"புல்லு இல்லாத இடத்துல நான் எதுக்குடி?"

பேச்சு முற்றிப்போய், கடைசியில் இருவருமே கோபத்தில் ஒரு பந்தயம் கட்டிவிட்டார்கள். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, போர்வீரர்கள் நினைவு நாள் விடுமுறை. அன்று மிண்டி வரும்போது இரண்டு ஏக்கரையும் அம்மா தன் கையாலேயே வெட்டி முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் செவ்வாய்க்கிழமை வீட்டுத் தரகர் வருவார், கிளெண்டா கையெழுத்துப் போடுவாள். ஸ்டக்கி வீட்டுப் பெண்களுக்கு வாக்குக் கொடுக்கத் தெரியும். வாக்கைத் திரும்ப வாங்கத்தான் தெரியாது.

லாயிட்டின் மீன்பிடிப் படகை விற்றதில் ஆயிரத்து நானூறு டாலர் கையில் இருந்தது. அதற்குள் ஒரு வண்டி வேண்டும். நம்பகமான வண்டி.

முதலில் பெரிய கடைக்குப் போனாள். வாசலில் புது வண்டிகள் வரிசையாக மினுமினுத்தன. இருப்பதிலேயே மலிவானது இரண்டாயிரத்து முந்நூறு. கத்திகளை மூடியிருக்கும் அடித்தட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். அப்பளம் மாதிரி சத்தம் வந்தது. விற்பனைப் பையன், கோப்பை வைக்க இடம் இருக்கிறது என்று காட்டினான். "நான் புல்லு வெட்டப் போறேன் தம்பி, காபி குடிக்கப் போகல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்து தானியக் கிடங்குக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் ராய்ஸிடம் போனாள். அந்த ஊரில் புல்வெட்டிக் கம்பெனிகளின் நிறத்தை வைத்துப் பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி என்று இரண்டு உண்டு. அப்பன் பச்சை வண்டி வைத்திருந்தால் மகனும் பச்சைதான். சிவப்புக் கட்சிக்காரன் பச்சை வீட்டில் பெண்ணெடுத்தால் கல்யாண விருந்திலேயே வாக்குவாதம் நடக்கும். ராய்ஸ் எந்தக் கட்சியிலும் இல்லை. எல்லாக் கட்சியும் அவனிடம்தான் பழுதுபார்க்க வரும்.

"பெயிண்டை வாங்காத கிளெண்டா" என்றான் கையைத் துடைத்தபடி. "எஞ்சினையும் பின் அச்சையும் வாங்கு. பெல்ட்டும் கத்தியும் நாளைக்கு எங்கிட்ட கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்கு. இன்னொண்ணு. விக்கிறவன் வீட்டுக்குப் போனதும் அவன் கையக் குலுக்குறதுக்கு முன்னாடி பானெட் மேல கைய வை. சூடா இருந்துச்சுன்னா திரும்பிப் பாக்காம வந்துரு."

"ஏன்?"

"ஆறிக்கிடக்கிற எஞ்சின் ஒரே சாவியில கிளம்பணும். கிளம்பாதுன்னு தெரிஞ்சவன்தான் நீ வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடேத்தி வச்சிருப்பான்."

மாட்டை வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும். முதல் வீட்டில் கை வைத்தாள், சுட்டது. "வெயில்ல நின்னுச்சு" என்றான் விற்கிறவன். "மூணு நாளா மழையில்ல பெய்யுது?" என்று கேட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டாவது வீட்டில் பானெட் குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் அடித்தட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வீட்டுச் சாவியால் லேசாகக் குத்தினாள், சாவி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பூசி மெழுகியது பெயிண்ட், உள்ளே எல்லாம் துரு.

மூன்றாவது, பதினான்கு மைல் தள்ளி, டூவேன் பிக்கெல் என்பவர் வீடு. மனிதர் மலை மாதிரி இருந்தார். அவர் வெளியே வருவதற்குள் வாசல்கதவுக்கே மூச்சுத் திணறியது. முழங்கால் இரண்டுக்கும் அறுவை சிகிச்சை ஆகி, புல் இல்லாத ஒரு வீட்டுக்குக் குடிபோகிறாராம். வண்டியை விட்டுக்கொடுக்கும் துக்கம் அவர் முகத்திலேயே தெரிந்தது. பானெட் சில்லென்றிருந்தது. எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. அடித்தட்டைத் தட்டினால் கோயில் மணிபோல டங்கென்றது. நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. ஒரே சாவியில் கிளம்பியது, புகை இல்லை.

கிளெண்டா ஏறி உட்கார்ந்து அவருடைய புல்லை ஒரு சுற்று சுற்றினாள். அவர் இடம் தோசைக்கல் மாதிரி சமதளம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"சீட்டு கொஞ்சம் முரடா இருக்கே?"

"அது... அது அப்படித்தாங்க. பழகிரும்" என்றார் டூவேன், தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு.

ஆயிரத்து முந்நூறுக்கு முடிந்தது. ஒரு புது பெல்ட்டும் கொடுத்து, தன் டிரெய்லரிலேயே ஏற்றிக்கொண்டுவந்து இறக்கிவிட்டும் போனார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு கிளெண்டாவும் ஊரோடு சேர்ந்து வண்டியில் ஏறினாள். வீட்டின் பின்புறம் சமதளம், அங்கே ஒரு மணி நேரம் சொர்க்கமாகப் போனது. வெட்டிய புல்லின் வாசனை, நேர்நேராகக் கோடுகள். எதிர்வீட்டுக்காரர் தன் வண்டியிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார். இவளும் ஒரு விரலைத் தூக்கினாள். முன்பக்கம் வந்தாள். சரிவில் இறங்கினாள். வண்டி பொட்டென்று நின்றது.

கத்தியை அணைத்து, பிரேக்கை அழுத்தி, சாவியைத் திருகினாள். உடனே கிளம்பியது. பத்தடி போனது. மறுபடி நின்றது. எலி பறித்த மேட்டில் ஏறினால் நின்றது, பள்ளத்தில் இறங்கினால் நின்றது. பதினோரு தடவை. எதிர்வீட்டுக்காரர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

டூவேனுக்குப் போன் போட்டாள். "நீங்க வித்தது வண்டியா, இல்ல சண்டி மாடா?"

அரை மணி நேரத்தில் மனிதர் வந்துவிட்டார். ஏறி உட்கார்ந்தார். சீட் முனகியது. சரிவில் மேலே போனார், கீழே வந்தார், குறுக்கே போனார், எலி மேடுகள் மேலெல்லாம் ஏறி இறங்கினார். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. கிளெண்டாவுக்கு மூக்குடைந்த மாதிரி ஆயிற்று. டூவேன் இறங்கி நின்று சீட்டைப் பார்த்தார். கிளெண்டாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு அவர் முகம் சிவந்தது. தன் பூட்ஸைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நீங்க... எப்படி உக்கார்றீங்க?"

"எல்லாரும் உக்கார்ற மாதிரிதான். ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"எதுனால நிக்குது? உங்களுக்குத் தெரியுது, சொல்ல மாட்டேங்கிறீங்க."

"அது வந்து... வேணும்னா சீட்டுக்கு அடியில ரெண்டு வயரை முறுக்கி விட்டுட்டா அப்புறம் நிக்கவே நிக்காது. நெறைய பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க."

"என்ன வயரு அது?"

"சும்மா ஒரு வயரு." அவர் பர்ஸை எடுத்தார். "பணத்தைத் திருப்பித் தந்துர்றேங்க. வண்டிய ஏத்திட்டுப் போயிர்றேன்."

பணத்தை நீட்டியதும் கிளெண்டாவின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும். தெரிந்தே பழுதான வண்டியைத் தன் தலையில் கட்டியிருக்கிறார். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டால் திங்கட்கிழமைக்கு வண்டி ஏது? "திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்" என்றாள் வெடுக்கென்று. அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார்.

அந்த வட்டாரத்தின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு பெண்ணிடம் வயதைக் கேட்கலாம். எந்தத் தேவாலயத்துக்குப் போகிறாள் என்று கேட்கலாம். இரண்டு கோப்பை காபிக்குப் பிறகு யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்றுகூடக் கேட்கலாம். எடையைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கக் கூடாது. அதிலும் டூவேனைப் போன்ற ஆள் எடுத்தால் பேச்சு எங்கே திரும்பும் என்று அவருக்குத் தெரியாதா? மனிதர் பழி சுமந்தாலும் சுமப்பேன், மரியாதை தவற மாட்டேன் என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளெண்டா தேவாலயத்துக்குப் போகவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, பாதி வெட்டிய முன்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது. சாவைப் பற்றிய பயம்கூட இல்லை. அந்த இரண்டு அறை வீட்டில் ஜன்னல் வழியே அடுத்தவர் கார்களைப் பார்த்துக்கொண்டு மீதி நாட்களை ஓட்டப்போகிறோமே என்ற பயம்தான். அழுகையும் வந்தது, அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தாள்.

அவள் ஓட்டிய பேருந்தின் பின்கதவு சரியாகச் சாத்தாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. புது ஓட்டுநர்கள் பேட்டரியைத் திட்டுவார்கள். கிளெண்டா இறங்கிப்போய்க் கதவிடுக்கில் சிக்கிய கோட்டை உருவிவிட்டு வருவாள். வண்டி கோபித்துக்கொள்வதில்லை, எதையோ கேட்கிறது. இந்த வண்டி என்ன கேட்கிறது?

எழுந்துபோய் சமதளத்திலேயே வண்டியைக் கிளப்பி, கத்தியை ஓடவிட்டாள். சரிவில் யாராக இருந்தாலும் மேட்டுப் பக்கம் சாய்வார்கள். அதேபோல உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து பார்த்தாள். நின்றது. மறுபடி கிளப்பி, அழுத்தி உட்கார்ந்தாள். ஓடியது. இடுப்பைக் கொஞ்சம் எழுப்பினாள். நின்றது.

சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு கறுப்புப் பொத்தான். ஆள் உட்கார்ந்தால் சீட் அமுங்கி அதை அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் கட்டைவிரல் பருமனில் ஸ்பிரிங்குகள். இவள் உட்கார்ந்தால் அவை மயிரிழைதான் அமுங்கின, சீட் பொத்தானைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஒரு மேடு வந்தால், சாய்ந்தால், வண்டியைப் பொறுத்தவரை சீட்டில் ஆளே இல்லை.

கிளெண்டா நிலவறைக்கு ஓடினாள். தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்குப் போடும் உப்பு மூட்டை அங்கே இருந்தது, நாற்பது பவுண்டு, அதாவது பதினெட்டு கிலோ. படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து மேலே கொண்டுவந்தாள். மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு, சரிவு வேண்டாம் என்று, எலி மேடுகள் நிறைந்த பக்கவாட்டுத் துண்டில் மெதுவாக ஏறினாள். ஒன்று, இரண்டு, ஏழு மேடு. வண்டி நிற்கவில்லை.

"அப்பாடா!" என்று கத்தியேவிட்டாள். வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. ஏமாறவில்லை. பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டி நல்ல வண்டிதான். இறங்கி, மூட்டையைப் புல்லில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு டூவேனுக்குப் போன் போட்டாள்.

"டூவேன், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க எத்தனை பவுண்டு இருப்பீங்க?"

அந்த வட்டாரத்தில் இதைவிட மோசமான கேள்வி கிடையாது. அந்தப் பக்கம் மலை ஒன்று பெருமூச்சு விட்டது.

"முந்நூத்திப் பத்துங்க." குரலில் அப்படியொரு நிம்மதி. "பழைய ஸ்பிரிங்கு என்னைத் தாங்கல, தரையத் தட்டிருச்சு. அதான் லாரி சீட்டு ஸ்பிரிங்கை மாட்டி வச்சேன். விக்கும்போது அதனால இப்படி ஆகும்னு தோணவே இல்லைங்க. நேத்து உக்காந்ததும் புரிஞ்சுபோச்சு. ஆனா உங்ககிட்ட... எப்படிங்க சொல்றது?"

"வாயாலதான் சொல்லணும்! ராத்திரி பூரா உங்களைத் திட்டித் தீத்திருக்கேன், தெரியுமா?"

"திட்டியிருப்பீங்கன்னு தெரியும். காது சுட்டுச்சு. நீங்க எத்தனைங்க?"

"நூத்தி நாலு."

"ஐயையோ" என்றார் டூவேன், மரியாதையெல்லாம் மறந்து.

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வந்துவிட்டார். கையில் ஒரு காபி டப்பா, அதற்குள் ஆணிகளோடு ஆணியாக வண்டியோடு வந்த பழைய ஸ்பிரிங்குகள். இருபது நிமிஷத்தில் மாற்றினார். முந்தாநாள் சொன்ன வயரை முறுக்கும் யோசனையைப் பற்றிக் கிளெண்டா கேட்டபோது தலையைச் சொறிந்தார்.

"அது ஆள் இல்லாட்டியும் ஓடுறதுக்கு."

"எதுக்கு? நான் கீழ விழுந்து கிடக்கும்போது அதுபாட்டுக்கு புல்லு வெட்டவா? போய் உள்ள பாருங்க, மேஜையில ருபார்ப் தண்டு வச்சுச் சுட்ட இனிப்பு இருக்கு. சாப்பிடுங்க."

பத்தரை மணிக்கு மிண்டியின் கார் வந்து நின்றபோது, கிளெண்டா சரிவில் கடைசிக் கீற்றுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். மிண்டி காரைவிட்டு இறங்காமலே வெளிறிப் போனாள். பிறகு கதவைக்கூடச் சாத்தாமல் பள்ளத்தோரம் ஓடிவந்து கையை ஆட்டினாள். மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்க கிளெண்டா சீட்டிலிருந்து எழுந்தாள். வண்டி பொட்டென்று நின்றது.

"பாத்தியா, பாத்தியா! சரிவுல நின்னுபோச்சு! இந்தப் பழைய சனியனை நம்பியாம்மா..."

"நான் எந்திரிச்சேன், அதான் நின்னுச்சு."

"என்ன?"

"நல்லா பாரு." கிளெண்டா உட்கார்ந்து கிளப்பினாள், கத்தியைச் சுழலவிட்டாள், எழுந்தாள். எஞ்சினும் கத்தியும் சேர்ந்தே அடங்கின. "நான் சீட்ல இல்லேன்னா இது ஓடாது. விழுந்தாலும் ஓடாது."

மிண்டி சரிவில் ஏறிவந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இன்னொரு தடவை செய்."

செய்தாள்.

"இன்னொரு தடவை." இந்த முறை மிண்டி குனிந்து அடித்தட்டுப் பக்கம் காதை வைத்துக் கேட்டாள். அந்த மூன்று நோயாளிகளின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பாள் போலும். ஐந்து தடவை எழுந்து உட்கார வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள். ஒரு வருஷமாகத் தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் இறங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்ததை மறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டூவேன் ஒரு தட்டில் இனிப்போடு வெளியே வந்தார். "நூத்தி நாலு பவுண்டுக்கே வேலை செய்யுதுங்க!" என்று பெருமையாகச் சொன்னார். சொன்ன பிறகு தட்டைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார்.

"நூத்தி நாலா?" மிண்டி மெதுவாகத் திரும்பினாள். இப்போது பேசியது நர்ஸ். "அப்பா இருக்கும்போது நூத்தி நாப்பது இருந்தியேம்மா. ராத்திரி என்ன சாப்பிடுற?"

"ரொட்டி."

"ரொட்டியும்?"

"ரொட்டியும் காபியும். ஒரு ஆளுக்கு எதுக்குடி அடுப்பு பத்த வைக்கணும்? பாத்திரம் கழுவுற இடத்துல நின்னுக்கிட்டே முடிச்சுருவேன்."

"போன்ல கேட்டா 'சாப்பிட்டேன், சாப்பிட்டேன்'னு சொன்ன."

"சாப்பிட்டேன்தானே."

மிண்டி சீட்டில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள். அது இறங்கியது, எழுந்தது. "இந்த இரும்புக்குத் தெரிஞ்சிருக்கு நீ இருக்கியா இல்லையான்னு" என்றாள். "வாரம் நாலு தடவை போன் பண்றேன், எனக்குத் தெரியல."

கிளெண்டாவுக்கு அப்போதுதான் ஒப்புக்கொள்ளத் தோன்றியது. இது வண்டியின் பழுதும் இல்லை, மகளின் பழுதும் இல்லை. தன் பழுதுதான். அதை இவ்வளவு நாளாக மறைத்து மறைத்துக் களைத்திருந்ததால், பிடிபட்டதும் நல்லதாகத்தான் பட்டது.

"புதன்கிழமை எனக்கு லீவு" என்றாள் மிண்டி. "வந்து சமைப்பேன். நீ உக்காந்து சாப்பிடணும்."

"உருளைக்கிழங்கு போட்டா சாப்பிடுறேன்."

மிண்டி போனை எடுத்தாள். வீட்டுத் தரகர் விடுமுறை நாளிலும் எடுத்துவிட்டார், அவர்கள் எப்போதும் எடுப்பார்கள். "நாளைக்கு வர வேண்டாங்க" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார் போலிருக்கிறது. "இல்லைங்க, தள்ளிப் போடல. அம்மா இங்கதான் இருக்காங்க."

பந்தயப்படி பார்த்தால் இன்னும் இரண்டு கீற்று பாக்கி இருந்தது, யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கிளெண்டா உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.